சோதனைக் குழாயும் தொழிற்சாலைக் கொப்பரையும்

சோதனைக் குழாயில் ஒரு பொருளைச் செய்து காட்டுவது ஒரு கலை. அதே பொருளை நாள்தோறும் நூறு டன் கணக்கில் செய்து தருவது முற்றிலும் வேறொரு கலை. இரண்டும் ஒன்றே என்று எண்ணி இடர்ப்பட்டவர் பலர்.

இதற்கு ஓர் எளிய கணக்கைச் சான்றாகக் காட்டலாம். ஆய்வுக்கூடத்தில், விரல்களுக்கிடையே அடங்கும் ஒரு கண்ணாடிக் குழாயில் இரண்டு திரவங்களைக் கலக்கிறோம். அவை சேரும்போது வெப்பம் பிறக்கிறது. அது கண்ணாடியின் வழியே வெளியேறிவிடுகிறது. நமக்கு ஒரு தீங்கும் இல்லை. இனி, அதே கலவையைப் பத்து மடங்கு நீளமும் பத்து மடங்கு அகலமும் பத்து மடங்கு உயரமும் கொண்ட ஒரு கலத்தில் செய்வதாக வைத்துக்கொள்வோம். கலத்தில் அடங்கும் பொருள் ஆயிரம் மடங்கு ஆகிறது. ஆகவே பிறக்கும் வெப்பமும் ஆயிரம் மடங்கு ஆகிறது. ஆனால் அவ்வெப்பம் வெளியேற வேண்டிய புறப்பரப்போ நூறு மடங்குதான் பெருகியிருக்கிறது. வழியின்றி வெப்பம் உள்ளேயே தங்குகிறது, கலவை கொதிக்கிறது, சில வேளைகளில் கலமே வெடித்துவிடுகிறது. இரசாயன விதி சிறிதும் மாறவில்லை. அளவு மாறியது, அளவு மாறியதும் சிக்கலும் மாறிவிட்டது.

இந்தச் சிக்கலுக்கு விடை கூற வேண்டியவர் யார்? இரசாயன அறிஞருக்குப் பொருள்களின் இயல்பு தெரியும். கொப்பரையின் இயல்பு தெரியாது. எந்திரப் பொறியாளருக்குக் கொப்பரை தெரியும். அதனுள்ளே நிகழ்வது தெரியாது. இவ்விருவருக்கும் இடையே கிடந்த பள்ளத்தை நிரப்ப எழுந்ததே இரசாயனப் பொறியியல். அது ஒரு பல்கலைக்கழகத்தில் தனித்துறையாக உருவான வரலாற்றையே இன்று காணப்போகிறோம். அந்தப் பல்கலைக்கழகம் அமெரிக்க நாட்டின் மாஸசூஸெட்ஸ் தொழில்நுட்பக் கழகம்.

எனினும், இக்கதையின் முதல் வரி இங்கிலாந்தில் எழுதப்பட்டது. அங்கே ஜார்ஜ் டேவிஸ் என்பவர் காரத் தொழிற்சாலைகளை மேற்பார்வையிடும் அரசாங்க அலுவலராகப் பணியாற்றினார். பல தொழிற்சாலைகளைச் சுற்றிப் பார்த்த அவர் கண்ணுக்கு ஓர் உண்மை புலப்பட்டது. செய்யும் பொருள்கள் வெவ்வேறாயினும், செய்யும் முறைகளில் பொதுவானவை பல உள்ளன என்பதே அவ்வுண்மை. 1887-ஆம் ஆண்டில் மான்செஸ்டர் நகரத் தொழில்நுட்பப் பள்ளியில் அவர் பன்னிரண்டு சொற்பொழிவுகள் ஆற்றினார். 1901-இல் இரசாயனப் பொறியியலுக்கு ஒரு கைந்நூலும் வெளியிட்டார். ஆயினும் அவர் இட்ட விதை அந்த மண்ணில் விரைந்து முளைக்கவில்லை. ஜெர்மனியிலோ இரசாயன அறிஞரும் எந்திரப் பொறியாளரும் தனித்தனியே பயின்று தொழிற்சாலையில் ஒன்றுகூடினர். இருவரையும் ஒருவராக்க வேண்டும் என்ற எண்ணம் அங்கே எழவில்லை. விதை முளைத்த இடம் கடல் கடந்த பாஸ்டன் நகரம்.

மாஸசூஸெட்ஸ் தொழில்நுட்பக் கழகம் 1861-இல் சாசனம் பெற்று, 1865-இல் வகுப்புகளைத் தொடங்கியது. தொழிலுக்குப் பயன்படும் விஞ்ஞானத்தைக் கற்பிப்பதே அதன் நோக்கம். அங்கே பாடப்பிரிவுகளை எண்களால் அழைப்பது வழக்கம். 1888-ஆம் ஆண்டில் லூயிஸ் மில்ஸ் நார்ட்டன் என்ற பேராசிரியர் பத்தாம் எண்ணுள்ள பாடப்பிரிவைத் தொடங்கினார். அமெரிக்காவில் இரசாயனப் பொறியியல் என்ற பெயரால் நான்காண்டுப் படிப்பு தோன்றியது அப்போதுதான். நார்ட்டன் ஜெர்மனியில் கெட்டிங்கன் பல்கலைக்கழகத்தில் பயின்று பட்டம் பெற்றவர். 1891-இல் இப்பிரிவின் முதல் மாணவர்கள் எழுவர் பட்டம் பெற்று வெளியேறினர். ஆனால் ஆசிரியர் நெடுநாள் வாழவில்லை. 1893-இல், நாற்பது வயது நிறைவதற்கு முன்பே நார்ட்டன் காலமானார்.

அந்நாளைய பாடத்திட்டத்தை நோக்கினால், பெயர் புதிதே தவிர பொருள் புதிதன்று என்பது விளங்கும். எந்திரப் பொறியியல் பெரும் பங்கு. அதனோடு இரசாயனம் ஒரு பங்கு. அவற்றின்மேல் தொழில் இரசாயனம் என்ற விளக்கப் பாடம். நார்ட்டனுக்குப் பின் அப்பாடத்தை ஃபிராங்க் தார்ப் என்பவர் நடத்தினார். கந்தக அமிலம் செய்வது இப்படி, சோடா உப்பு செய்வது இப்படி, சவுக்காரம் செய்வது இப்படி, சர்க்கரை செய்வது இப்படி என்று ஒவ்வொரு தொழிலாக எடுத்து விளக்குவதே முறை. மாணவர்கள் கேட்டு எழுதிக்கொண்டனர், மனப்பாடம் செய்தனர்.

இம்முறையில் இரண்டு குறைகள் இருந்தன. தொழில்கள் நாளுக்கு நாள் பெருகுகின்றன. நான்கு ஆண்டுகளில் எத்தனை தொழில்களைத்தான் கற்பிக்க முடியும்? இது முதற்குறை. கற்ற தொழிலின் முறை நாளை மாறிவிட்டால், கற்றவன் கையில் எஞ்சுவது என்ன? இது இரண்டாவது குறை. இது முதற்குறையினும் பெரிது.

இந்தக் குறைகளைக் களைய முன்வந்தவர் வில்லியம் வாக்கர். அவர் சில ஆண்டுகள் ஆர்தர் லிட்டில் என்பவருடன் கூட்டாகத் தொழில் ஆலோசனை நிலையம் நடத்தியவர். தொழிற்சாலைகளின் உண்மை நிலையை நேரில் கண்டவர். அவர் இந்நூற்றாண்டுக்கு முந்திய நூற்றாண்டின் தொடக்க ஆண்டுகளில் கழகத்திற்கு வந்து, பத்தாம் பாடப்பிரிவைத் திருத்தி அமைக்கலானார்.

அதே இரசாயனத் துறையில் ஆர்தர் நாயிஸ் என்ற மற்றொரு பேரறிஞரும் இருந்தார். 1903-இல் அவர் பௌதிக இரசாயனத்திற்கு ஓர் ஆராய்ச்சிக்கூடம் நிறுவினார். அதன் செலவில் ஒரு பகுதியைத் தம் கைப்பொருளிலிருந்தே அளித்தார். பல்கலைக்கழகம் இயற்கையின் அடிப்படை விதிகளைக் கற்பிக்க வேண்டும். அவற்றை நன்கு அறிந்தவன் எத்தொழிலிலும் வெல்வான் என்பது நாயிஸின் கொள்கை. வாக்கரின் கொள்கை இதற்கு மாறானது. தொழிற்சாலையில் எழும் உண்மையான சிக்கல்களோடு போராடியே மாணவன் அறிவு பெற வேண்டும் என்றார் அவர். 1908-இல் வாக்கர் பயன்முறை இரசாயனத்திற்கு வேறோர் ஆராய்ச்சிக்கூடம் தொடங்கினார். ஒரே துறைக்குள் இரண்டு ஆராய்ச்சிக்கூடங்கள், இரண்டு தலைவர்கள், இரண்டு கொள்கைகள். இருவரும் நேர்மையானவர்கள், இருவர் கூற்றிலும் உண்மை இருந்தது. ஆகவேதான் அப்பூசல் எளிதில் தீரவில்லை.

1914-இல் முதல் உலகப் போர் மூண்டது. அதுவரை சாயங்களையும் பல இரசாயனப் பொருள்களையும் ஜெர்மனியிடமிருந்து வாங்கிவந்த அமெரிக்கா, கடல் வழி அடைபட்டதும் திகைத்தது. இனி எல்லாவற்றையும் தானே செய்துகொள்ள வேண்டும். செய்யத் தெரிந்தவர்களோ மிகச் சிலர். இந்நிலையில், 1915-ஆம் ஆண்டில், வாக்கரின் பழைய கூட்டாளியான ஆர்தர் லிட்டில் கழகத்தின் ஆட்சிக்குழுவுக்கு ஓர் அறிக்கை அளித்தார். இரசாயனப் பொறியியலுக்கு அடித்தளம் இட்டது அவ்வறிக்கையே எனலாம்.

லிட்டில் கண்ட கருத்தை நம் நாட்டுக் காட்சிகளைக் கொண்டே விளக்கலாம். உப்பளத்தில் கடல் நீரைப் பாத்தியில் தேக்கி வெயிலில் வற்றவிடுகிறார்கள், உப்பு படிகிறது. ஆலைக்கு அருகில் கரும்புச் சாற்றைக் கொப்பரையில் ஊற்றி அடுப்பில் காய்ச்சுகிறார்கள், வெல்லம் திரள்கிறது. உப்பு செய்பவரும் வெல்லம் காய்ச்சுபவரும் தம்மை ஒரே தொழிலினர் என்று எண்ணுவதில்லை. ஆனால் இருவரும் செய்வது ஒரே செயல்தான்: வெப்பத்தைச் செலுத்தி நீரை ஆவியாக்கி நீக்குதல். எவ்வளவு நீரை நீக்க எவ்வளவு வெப்பம் வேண்டும், எவ்வளவு பரப்பு வேண்டும், எவ்வளவு நேரம் வேண்டும் என்ற கணக்கின் அடிப்படை இருவருக்கும் பொதுவானது.

இவ்வாறே எல்லா இரசாயனத் தொழில்களையும் பகுத்துப் பார்த்தால், பொடித்தல், கலத்தல், சூடேற்றல், ஆவியாக்கல், காய்ச்சி வடித்தல், வடிகட்டல், உலர்த்தல், படிகமாக்கல் போன்ற சில செயல்களே திரும்பத் திரும்ப வருவதைக் காணலாம். இவற்றை அலகுச் செயல்கள் என்று லிட்டில் பெயரிட்டார். தொழில்கள் ஆயிரம் இருக்கலாம். அலகுச் செயல்களோ சிலவே. எழுத்துக்கள் சிலவற்றால் எண்ணற்ற சொற்கள் அமைவதுபோல, இச்செயல்கள் சிலவற்றால் எண்ணற்ற தொழில்கள் அமைகின்றன. எழுத்துக்களைக் கற்றவன் புதிய சொல்லைக் கண்டு அஞ்சுவதில்லை. அலகுச் செயல்களைக் கற்றவனும் நாளை தோன்றும் தொழிலைக் கண்டு அஞ்ச வேண்டுவதில்லை.

இக்கருத்து இரசாயனப் பொறியியலுக்கு ஒரு தனி உரிமையை அளித்தது. இரசாயனத்தில் பாதியும் எந்திரவியலில் பாதியும் சேர்ந்த கலவையாக இருந்த பாடம், தனக்கே உரிய பொருளும் தனக்கே உரிய வினாக்களும் உடைய கல்வியாயிற்று.

லிட்டிலின் அறிக்கை மற்றொன்றையும் வேண்டிற்று. மருத்துவம் பயில்பவன் மருத்துவமனையில் நோயாளிகளைக் கண்டு பயில்கிறான். இரசாயனப் பொறியாளன் மட்டும் தொழிற்சாலையைக் காணாமல் பட்டம் பெறலாமா என்பதே வினா. ஒளிப்படத் தொழிலில் பெரும் பொருள் ஈட்டிய ஜார்ஜ் ஈஸ்ட்மன் இதற்கென 3,00,000 டாலர் நன்கொடை வழங்கினார். கழகம் பாஸ்டனிலிருந்து ஆற்றுக்கு அப்பால் கேம்பிரிட்ஜில் எழுப்பிய புதிய கட்டிடங்களுக்குக் குடிபெயர்ந்த அதே 1916-ஆம் ஆண்டில், தொழிற்பயிற்சிப் பள்ளி தொடங்கியது. மாணவர்கள் தொழிற்சாலைகளுக்கு அனுப்பப்பட்டனர். அவர்களோடு ஆசிரியரும் சென்று அங்கேயே தங்கினார். கூலிக்கு வேலை செய்வது அவர்கள் பணியன்று. ஓடிக்கொண்டிருக்கும் எந்திரத்தை அளந்து, எங்கே வெப்பம் வீணாகிறது, எங்கே பொருள் வீணாகிறது என்று கண்டு, கணக்கிட்டு, அறிக்கை எழுதுவதே அவர்கள் பணி. 1917-இல் அமெரிக்கா போரில் இறங்கியதும் இப்பள்ளி நின்றது. போர் முடிந்தபின், 1920-இல் மீண்டும் தொடங்கியது.

போர் முடிந்ததும் பழைய பூசல் முற்றியது. கழகத்திற்கு நிதி தேவைப்பட்டது. தொழில் நிறுவனங்களிடம் பணம் பெற்று, அவற்றுக்குக் கழகத்தின் அறிவுத்துணையை அளிக்கும் திட்டம் ஒன்று வகுக்கப்பட்டது. வாக்கர் அதன் முன்னணியில் நின்றார். நாயிஸ் மனம் கசந்தார். முப்பது ஆண்டுகளுக்கு மேலாகத் தம் வாழ்வோடு ஒன்றியிருந்த கழகத்தை விட்டு 1919-இன் இறுதியில் அவர் கலிபோர்னியாவுக்குச் சென்றார். அங்கே அவர் சேர்ந்த கல்லூரிதான் 1920-இல் கலிபோர்னியத் தொழில்நுட்பக் கழகம் என்ற பெயர் பெற்றது. பின்னர் உலகப் புகழும் எய்தியது. வாக்கர் வென்றார் என்று தோன்றியது. ஆனால் அவரும் சில ஆண்டுகளுக்குள் கழகத்தை விட்டு விலகினார். போரிட்ட இருவரும் களத்தைவிட்டு அகன்றபின், களத்தில் எஞ்சி நின்றது ஒரு புதிய துறை. 1920-இல் இரசாயனப் பொறியியல், இரசாயனத் துறையினின்றும் பிரிந்து தனித்துறையாயிற்று. அதன் முதல் தலைவர் வாரன் லூயிஸ்.

லூயிஸ் டெலவேர் மாநிலத்து உழவர் குடும்பத்தில் 1882-இல் பிறந்தவர். 1905-இல் இதே கழகத்தில் பட்டம் பெற்று, ஜெர்மனியில் பிரெஸ்லௌ பல்கலைக்கழகத்தில் 1908-இல் முனைவரானவர். வகுப்பில் அவர் சொற்பொழிவு ஆற்றுவதைவிட வினாத் தொடுப்பதே மிகுதி. மாணவன் விடை கூறினால் உடனே மறுப்பார். மறுத்த பின்னும் தன் விடையை நிலைநாட்டும் மாணவனைக் கண்டு மகிழ்வார். 1923-இல் வாக்கர், லூயிஸ், வில்லியம் மக்ஆடம்ஸ் ஆகிய மூவரும் இணைந்து இரசாயனப் பொறியியல் தத்துவங்களைப் பற்றிய பாடநூலை வெளியிட்டனர். அதில் சவுக்காரத்துக்கு ஓர் அதிகாரம், சர்க்கரைக்கு ஓர் அதிகாரம் என்ற பழைய பகுப்பு இல்லை. திரவங்களின் ஓட்டம், வெப்பம் பரவுதல், ஆவியாக்கல், உலர்த்தல், காய்ச்சி வடித்தல் என்று அலகுச் செயல்களே அதிகாரங்களாயின. ஒவ்வொன்றும் கணக்கோடு விளக்கப்பட்டது.

கணக்கின் வல்லமைக்கு ஓர் எடுத்துக்காட்டு கூறலாம். இரண்டு திரவங்கள் கலந்த கலவையைக் காய்ச்சி வடித்துப் பிரிக்க, பல தட்டுகள் அடுக்கிய உயர்ந்த கோபுரத்தைப் பயன்படுத்துவர். எத்தனை தட்டுகள் வேண்டும்? முன்னாளில் இதற்கு நெடிய கணக்குகள் போட வேண்டியிருந்தது. வாரன் மக்கேப், எர்னஸ்ட் தீல் என்ற இரு இளைஞர்கள் 1925-இல் ஓர் எளிய வழியைக் கண்டனர். வரைபடத் தாளில் இரண்டு கோடுகளுக்கிடையே படிக்கட்டு வரைவதுபோல் வரைந்து, படிகளை எண்ணினால் போதும். தட்டுகளின் எண்ணிக்கை கிடைத்துவிடும். ஒரு நூற்றாண்டு ஆகியும் உலகெங்கும் மாணவர்கள் அப்படிக்கட்டை வரைகிறார்கள். அதே 1925-இல் அமெரிக்க இரசாயனப் பொறியாளர் சங்கம், தகுதியுடைய கல்வி நிலையங்கள் என்று 14 நிலையங்களை ஏற்றுப் பட்டியல் வெளியிட்டது. மருத்துவம், சட்டம் போன்ற பழைய தொழில்களின் வரிசையில் இப்புதிய தொழிலும் இடம்பெறத் தொடங்கியது.

ஆயினும் நாயிஸ் அஞ்சிய தீங்கும் தலைகாட்டாமல் போகவில்லை. வாக்கர் நிறுவிய பயன்முறை ஆராய்ச்சிக்கூடம் தொழில் நிறுவனங்களின் பணத்தையே நம்பி வளர்ந்தது. பணம் தந்தவர்கள் தமக்கு வேண்டிய சிறு சிக்கல்களுக்கு விடை கேட்டனர். கண்ட உண்மைகளை வெளியிட வேண்டாம் என்றும் சிலர் விரும்பினர். பின்னர் பொருளாதார வீழ்ச்சி வந்தது; பணமும் நின்றது. 1930-இல் கழகத்தின் தலைவரான கார்ல் காம்ப்டன் ஒரு பௌதிக அறிஞர். அடிப்படை விஞ்ஞானத்தை மீண்டும் கழகத்தின் நடுவே அவர் வைத்தார். 1934-இல் வாக்கரின் ஆராய்ச்சிக்கூடம் மூடப்பட்டது. ஆனால் இரசாயனப் பொறியியல் துறை மூடப்படவில்லை. தொழிற்சாலையை விடாமலும், விஞ்ஞானத்தை மறவாமலும் அது நடை பயின்றது. நாயிஸ் கூறியதும் வாக்கர் கூறியதும் அத்துறைக்கு இரண்டு கால்களாயின.

அதன் பயன் விரைவில் வெளிப்பட்டது. எண்ணெய்ச் சுத்திகரிப்பில் கனமான எண்ணெயை உடைத்துப் பெட்ரோல் எடுக்க, ஊக்கியாகப் பயன்படும் தூளை இடையறாது நகர்த்த வேண்டியிருந்தது. நுண்ணிய தூளின் ஊடே கீழிருந்து தக்க வேகத்தில் வாயுவைச் செலுத்தினால், அத்தூள் முழுவதும் திரவம்போலவே அசைந்து ஓடும் என்பதை லூயிஸும் எட்வின் கில்லிலண்டும் ஆராய்ந்து பயன்படுத்தும் வழி காட்டினர். 1942-ஆம் ஆண்டு மே மாதம் லூயிசியானாவின் பேட்டன் ரூஜ் நகரில் இம்முறையில் இயங்கும் முதல் பெரிய ஆலை ஓடத் தொடங்கியது.

இத்துறையில் 1937-இல் முனைவர் பட்டம் பெற்றவர் மார்கரெட் ஹட்சின்சன் என்ற டெக்ஸாஸ் மாநிலத்துப் பெண்மணி. அமெரிக்காவில் இரசாயனப் பொறியியலில் அப்பட்டம் பெற்ற முதல் பெண் அவரே. இரண்டாம் உலகப் போரின்போது பெனிசிலின் மருந்து உயிர் காக்கும் என்பது தெரிந்திருந்தது. ஆனால் அது சிறு பாத்திரங்களில், துளித் துளியாகவே கிடைத்தது. பூஞ்சணம் வளர ஆழமான பெருந்தொட்டிகளை அமைத்து, தூய காற்றை ஊட்டி, விளைந்த மருந்தைப் பிரித்தெடுக்கும் ஆலையைத் திட்டமிட்டவர்களுள் அவர் முதன்மையானவர். 1944-ஆம் ஆண்டு மார்ச்சு மாதம் புரூக்லினில் அத்தகைய ஆலை இயங்கத் தொடங்கியது. சோதனைக் குழாய்க்கும் கொப்பரைக்கும் இடையே கிடந்த பள்ளம் அங்கே மனித உயிர்களின் பொருட்டுத் தாண்டப்பட்டது. அமெரிக்க இரசாயனப் பொறியாளர் சங்கம் 1945-இல் அவரைத் தன் முதல் பெண் உறுப்பினராக ஏற்றுக்கொண்டது.

வரலாறு கூறுபவன் ஒளியை மட்டும் காட்டி நிழலை மறைத்தல் முறையன்று. முதல் உலகப் போரில் எட்ஜ்வுட் என்னும் இடத்தில் நச்சு வாயு செய்த படைத் தொழிற்சாலைக்குத் தலைமை தாங்கியவர் இதே வாக்கர்தான். 1942-இல் அணுகுண்டுத் திட்டத்தின் ஆலைகளைப் பற்றி ஆராய்ந்து கருத்துக் கூறிய குழுவுக்குத் தலைவர் இதே லூயிஸ்தான். ஒரு பொருளைப் பெருமளவில் செய்யும் ஆற்றல், மருந்துக்கும் உதவும், நஞ்சுக்கும் உதவும். எவ்வளவு செய்ய முடியும் என்பதற்குக் கணக்கு விடை கூறும். எதைச் செய்யலாம் என்பதற்கு அது விடை கூறாது. அவ்விடையைக் கற்றவன் தன் நெஞ்சிடமே கேட்டுத் தெளிய வேண்டும்.

பின்னாளில் அலகுச் செயல்களுக்கும் அடியில் இருக்கும் விதிகளை அறிஞர்கள் தேடினர். வெப்பமும் பொருளும் இயக்கமும் பரவும் முறைகள் ஒன்றையொன்று ஒத்திருப்பதைக் கண்டு, 1960-இல் விஸ்கான்ஸின் பல்கலைக்கழக ஆசிரியர் மூவர் பெரியதொரு பாடநூல் இயற்றினர். கணிப்பொறி வந்தது, உயிரியலும் வந்து கலந்தது. 1888-இல் எழுவருக்காகத் தொடங்கிய பத்தாம் பாடப்பிரிவு இன்றும் அதே எண்ணோடு நடைபெறுகிறது. தொழிற்பயிற்சிப் பள்ளியும் நூறாண்டைக் கடந்து நிற்கிறது.

மாணவ நண்பர்களே, கல்வி அடிப்படை அறிவுக்காகவா, தொழிலுக்காகவா என்ற வினா உங்கள் முன்னும் ஒரு நாள் வந்து நிற்கும். நாயிஸும் வாக்கரும் அதற்கு ஆளுக்கொரு விடை கூறி, மனம் கசந்து பிரிந்தனர். அவர்கள் விட்டுச்சென்ற துறையோ இரண்டு விடைகளையும் ஏற்றுக்கொண்டு வாழ்ந்தது. தொழில்முறைகள் மாறும், ஆலைகள் மூடும், புதியவை எழும். ஆயினும், எல்லாத் தொழிலுக்கும் அடியில் ஓடும் பொது விதியைக் கண்டுகொண்டவனும், அவ்விதியைக் கொப்பரையின் அருகில் நின்று சரிபார்த்தவனும் எந்த மாறுதலுக்கும் கலங்குவதில்லை.